தடயவியல் கேள்வி பதில்: ஈரத் துணியும் கொழும்பு வெயிலும்

வெள்ளவத்தை வாசகி: ஐயா, வீடு உடைத்துத் திருடப்பட்டால் பொலிஸார் வரும்வரை என்ன செய்ய வேண்டும்?

எதையும் தொடாதீர்கள், அம்மா. 119க்கு அழைத்துவிட்டு வெளியே நில்லுங்கள். சிதறிய கண்ணாடியைக் கூட்டுவதும் அலுமாரியை ஒழுங்குபடுத்துவதும் திருடனுக்குச் செய்யும் உதவி.

மருதானை மாணவர்: இரத்தம் படிந்த துணியை ஏன் காகிதப் பையில் வைக்கிறார்கள்?

நல்ல கேள்வி, தம்பி. பொலித்தீன் பையில் ஈரம் அடைபடும். கொழும்பின் புழுக்கத்தில் பற்றீரியாவும் பூஞ்சணமும் விரைவாகப் பெருகி டிஎன்ஏயைச் சிதைத்துவிடும். அதனால் துணியை நிழலில் உலர்த்தி, காகிதத்தில் பொதிந்து, முத்திரையிட வேண்டும். யார் கையிலிருந்து யார் கைக்கு, எத்தனை மணிக்குப் போனது என்பதையும் எழுத வேண்டும். அந்தப் பதிவில் ஓர் இடைவெளி இருந்தால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி விடமாட்டார். சிதைந்துபோன மாதிரியை அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்தாலும் மீட்க முடியாது. புதிய இயந்திரம் வாங்குவதற்கு முன்பே தடயங்களை இப்படிக் கையாளும் பயிற்சிக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தெஹிவளை வாசகர்: உடலின் குளிர்ச்சியைக் கொண்டு இறந்த நேரத்தைச் சொல்லலாமா?

இங்கே அது கடினம். உயிருள்ள உடல் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். நமது பகல்வேளை 30 பாகையை எட்டும். வித்தியாசம் சிறியது என்பதால் உடல் மெதுவாகவே குளிரும், கணிப்பும் தளரும். குளிர்நாட்டு அட்டவணைகளை அப்படியே பொருத்தக்கூடாது. நாட்கள் கடந்திருந்தால், பிணத்தில் முட்டையிடும் ஈக்கள் உதவும். கிரைசோமியா இன ஈயின் முட்டைகள் இந்த வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். புழுக்களின் வளர்ச்சியைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிடலாம். ஆனால் கிடைப்பது ஈ முட்டையிட்ட நேரம்தான். கதவு, யன்னல் அடைத்த அறையில் ஈ தாமதமாக வந்திருக்கலாம். இந்த ஈக்களை நமது வெப்பநிலையிலேயே வளர்த்து அளக்கும் ஆய்வுகள் இன்னும் பெருக வேண்டும். இளையவர்கள் யாராவது இதை எடுத்துச் செய்யுங்கள்.

கொட்டாஞ்சேனை வாசகர்: இரத்தக் கறையைத் தேடத் தெளிக்கும் லூமினோல் இரசாயனம் ஒளிர்ந்தால் இரத்தம்தானே?

அவசரம் வேண்டாம். வெளிற்றும் திரவத்துக்கும் செம்புக்கும்கூட அது ஒளிரும். உறுதிப்படுத்தும் பரிசோதனை கட்டாயம்.

சட்டக் கல்லூரி மாணவி: விரலடையாள ஒப்பீடு பிழைக்குமா?

பிழைத்திருக்கிறது, தங்கை. 2004 மட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு விரலடையாளத்தை அமெரிக்கச் சட்டத்தரணி ஒருவருடையது என்று எஃப்பிஐ அறிவித்தது. அவர் தடுத்து வைக்கப்பட்டார். அது வேறொருவருடையது என்று ஸ்பெயின் பொலிஸார் கண்டுபிடித்தார்கள். முதல் நிபுணரின் முடிவை அறிந்துகொண்டே மற்றவர்களும் ஒப்பிட்டது அங்கே பெரிய குறை. நீங்கள் வழக்காடும்போது, இரண்டாவது நிபுணர் முதல் முடிவைப் பார்த்தாரா என்று கட்டாயம் கேளுங்கள்.