செந்தூராக் கொட்டையில் முளைத்தது ஏன் செந்தூராவாக இல்லை?

கேள்வி: தோட்டத்துப் பழைய செந்தூரா மாமரத்தின் கொட்டைகளைப் போட்டு நாலு கன்று வளர்த்தேன். ஏழு வருஷம் கழித்துக் காய்த்தன. ஒன்று நார், ஒன்று புளிப்பு, ஒன்றில் நிறமே ஏறவில்லை. நாலாவது சின்னக் காய், ஆனால் நல்ல இனிப்பு. மண் கோளாறா? உரம் வைத்தால் மாறுமா?
(விவசாயி, காவேரிப்பட்டணம்)

பதில்: மண்ணும் காரணமில்லை, உங்கள் வளர்ப்பும் காரணமில்லை. உரம் வைத்தால் காய் பெருக்கும், ரகம் மாறாது. இந்த வித்தியாசம் பூவிலேயே உண்டாகிவிட்டது.

மாமரத்தின் செல்லில், பண்புகளைச் சுமந்து செல்லும் இழைகளான குரோமோசோம்கள் 40, 20 ஜோடிகளாக இருக்கின்றன. ஜோடிக்கு ஒன்று அந்த மரத்தின் தாய்வழி, இன்னொன்று தந்தைவழி. மகரந்தமும் சூல்முட்டையும் உருவாகும்போது குன்றல் பகுப்பு என்ற, எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிவு நடந்து 40 என்பது 20 ஆகிறது. பிரியும் முன் ஜோடிகள் ஒட்டி நின்று துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. பிறகு எந்த ஜோடியில் எது எந்தப் பக்கம் போகும் என்பதற்குக் கட்டுப்பாடே கிடையாது. இந்தப் பங்கீட்டில் மட்டுமே 10,48,576 விதமான சேர்க்கைகள் வரலாம். துண்டு மாற்றத்தையும் சேர்த்தால் கணக்கு எங்கேயோ போய்விடும். இதற்கு மேல், ஈ கொண்டுவந்த மகரந்தம் பக்கத்துப் பெங்களூரா மரத்துடையதாகவும் இருக்கலாம்.

மல்லிகா, ஆம்ரபாலி ஆகிய இரண்டு மா ரகங்களுமே நீலம், தசேரி என்ற ரகங்களைக் கலந்து வந்தவைதான். பெற்றோர் ஒன்று, பழம் வேறு.

ஓலூர், வெள்ளைக்கொளம்பான் போன்ற ரகங்களின் கொட்டையில் பல முளைகள் வரும். அவற்றில் பெரும்பாலானவை தாய்மரத் திசுவிலிருந்தே கிளம்புவதால் தாயைப் போலவே இருக்கும். செந்தூராவிடம் அதை எதிர்பார்க்காதீர்கள்.

மூன்று மரங்களையும் வேரோடு பிடுங்க வேண்டாம், ஏழு வருஷ வேர் வீணாகக் கூடாது. அறுவடை முடிந்ததும் கிளைகளை வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைத் தடுப்புப் பசை) பூசுங்கள். துளிர்ப்பவற்றில் திடமான நாலைந்தை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். அவை ஒட்டுக்குத் தோதான பருமனுக்கு வந்ததும் பழைய செந்தூராவின் குச்சியை ஒட்டுக் கட்டுங்கள். குச்சி எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே அதன் இலைகளைக் காம்பு விட்டு நறுக்கிவிட வேண்டும். சந்தூர்ப் பக்கம் கைதேர்ந்த ஒட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒட்டில் குன்றல் பகுப்புக்கு இடமே இல்லை, தாயின் 40-ம் அப்படியே வரும்.

நாலாவது மரத்தில் மட்டும் கத்தி வைக்காதீர்கள். நம் பழைய ரகங்களில் பெரும்பாலானவை இப்படித் தானாய் முளைத்த மரத்தை யாரோ ருசி பார்த்துக் காப்பாற்றியவைதான். இரண்டு மூன்று பருவம் காய்ப்பையும் இனிப்பையும் குறித்து வையுங்கள். நிலையாக இருந்தால் அதிலிருந்தும் ஒட்டு எடுக்கலாம்.