மலையூர்களுக்கு மட்டும் 3,000 பேருக்கே ஒரு துணை சுகாதார நிலையம் ஏன்?

கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணிகளைக் கவனித்து, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் இடம்தான் துணை சுகாதார நிலையம். சமவெளியில், ஓமலூர் பக்கம் என்று வையுங்கள், 5,000 பேருக்கு ஒன்று என்பது அரசு விதிமுறை. மலை, பழங்குடிப் பகுதிகளுக்கு 3,000. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இப்படித்தான்: கீழே 30,000, மேலே 20,000.

காரணம் தூரம். சேர்வராயன் மலையில் ஊர்கள் காபித் தோட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. எதிர்ச் சரிவில் கண்ணுக்குத் தெரியும் ஊருக்குக்கூட சுற்றித்தான் போக வேண்டும். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். பிரசவ வலி வந்த பெண்ணுக்கு அந்த நேரம் உயிர்ப் பிரச்சினை. அதனால் தலையை மட்டும் எண்ணிக் கட்டடம் கட்டுவது அநியாயம் என்பேன். நடக்கும் நேரத்தையும் எண்ண வேண்டும். பகுதிநேர ரேஷன் கடையை நினைத்துப் பாருங்கள். அட்டைகள் குறைவு என்றாலும், அரிசியைச் சுமந்து யாரும் நெடுந்தூரம் நடக்கக் கூடாது என்றுதானே பக்கத்தில் திறக்கிறார்கள்?

துணை நிலையத்தில் எப்போதும் டாக்டர் இருப்பார் என்று பலர் நம்பிப் போகிறார்கள். டாக்டர் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஆகவே அதிக ரத்தப்போக்கு, வலிப்பு என்றால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.