டி.ஓ. கல்லூரியில் இடம் கிடைக்குமா: உங்கள் மதிப்பெண்களும் என் பதில்களும்

அமெரிக்காவில் டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) தரும் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் மதிப்பெண்களோடு கேள்வி அனுப்பலாம் என்று சொன்னதும் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, பெயர்களை எடுத்துவிட்டுப் பதில் எழுதுகிறேன். நான் டி.ஓ. முடித்துக் குடும்ப மருத்துவராக இருக்கிறேன், படிக்கும்போது இரண்டு வருடம் கல்லூரியின் நேர்காணல் குழுவில் மாணவர் சார்பில் உட்கார்ந்தேன். அங்கே பார்த்ததையும் நானே பட்டதையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

கேள்வி (நியூ ஜெர்சி, ஓர் அம்மா): மகள் பயாலஜி மூன்றாம் வருடம். ஜி.பி.ஏ. (கல்லூரி மதிப்பெண் சராசரி) 3.52, எம்கேட் (மருத்துவ நுழைவுத் தேர்வு) 503. எம்.டி. (இங்கே வழக்கமான மருத்துவப் பட்டம்) கஷ்டம், டி.ஓ. பாருங்கள் என்கிறார் ஆலோசகர். என் அண்ணனோ அவர்கள் முழு டாக்டர் இல்லை, எலும்பு நீவுகிறவர்கள் என்கிறார். எதை நம்புவது டாக்டர்?

அண்ணன் சொல்வது இங்கிலாந்துக்குப் பொருந்தும்ங்க, அமெரிக்காவுக்குப் பொருந்தாது. அங்கே ஆஸ்டியோபாத் என்றால் தசைக்கும் மூட்டுக்கும் கையால் சிகிச்சை தருபவர். இங்கே அப்படி இல்லை. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892இல் மிசோரி மாநிலத்தின் கர்க்ஸ்வில்லில் முதல் கல்லூரியைத் தொடங்கினார், இன்று நாற்பதுக்கும் மேல் இருக்கின்றன. நான்கு வருடப் படிப்பு, அப்புறம் ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி, ஐம்பது மாநிலங்களிலும் மருந்து எழுதவும் அறுவை சிகிச்சை செய்யவும் முழு உரிமம். எம்.டி. பாடத்துக்கு மேல் சுமார் 200 மணி நேரம் கையால் செய்யும் சிகிச்சையும் படிக்கிறோம். தலைவலியோடு வருபவரைப் படுக்கவைத்து, பிடரிக்கு அடியில் என் விரல் நுனிகளைக் கொடுத்து, தலையின் பாரம் முழுவதும் விரலில் இறங்கும்வரை இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் இருப்பேன், கல் மாதிரி இருந்த தசை மெல்ல இளகுவது விரலிலேயே தெரியும். அவருக்கு ரத்த அழுத்த மாத்திரை எழுதுவதும் நான்தான்.

இனி வாய்ப்புக்கு வருவோம். டி.ஓ. கல்லூரிகளில் சேர்பவர்களின் சராசரி ஜி.பி.ஏ. 3.6ஐ ஒட்டியும் எம்கேட் 504ஐ ஒட்டியும் இருக்கிறது, எம்.டி. பக்கம் 3.8க்கும் 511க்கும் அருகே. ஆக மகள் சராசரிக்குக் கொஞ்சம் கீழே, ஆனால் நல்ல வாய்ப்புள்ள இடத்தில்தான் நிற்கிறாள். நீங்கள் சொல்லாத ஒன்றை நான் கேட்பேன்: எம்கேட்டின் நான்கு பகுதிகளில் எதிலாவது 123, 124 என்று விழுந்திருக்கிறதா? மொத்தம் நன்றாக இருந்தும் ஒரு பகுதி பள்ளத்தில் கிடந்தால் குழுவின் கண் அங்கேதான் போய் நிற்கும். ஸ்ட்ராட்ஃபோர்டில் உள்ள ரோவன் உங்கள் சொந்த மாநிலக் கல்லூரி, அதை முதலில் வையுங்கள். பிலடெல்பியாவின் பீகாம், நியூயார்க்கின் என்.ஒய்.ஐ.டி., டூரோ எல்லாம் பக்கத்தில் இருக்கின்றன. அதோடு நிறுத்தாமல் வெளிமாநிலங்களிலும் சேர்த்துப் பன்னிரண்டு பதினைந்து கல்லூரிகளுக்காவது போடச் சொல்லுங்கள்.

கேள்வி (டல்லாஸ்): அக்கா, முதல் இரண்டு வருடம் வீட்டுப் பிரச்சினையில் படிப்பைக் கோட்டை விட்டேன். மொத்த ஜி.பி.ஏ. 3.1, கடைசி மூன்று செமஸ்டர் 3.8. எம்கேட் 508. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி வாங்கி, திரும்ப எழுதி ஏ வாங்கினேன். அந்த சி காணாமல் போகுமா?

போகாது தம்பி. முன்பு டி.ஓ. விண்ணப்பத்தில் திரும்ப எழுதிய மதிப்பெண் பழையதை மாற்றிவிடும், அந்தச் சலுகையை 2017இல் எடுத்துவிட்டார்கள். இணையத்தில் சுற்றும் பழைய அறிவுரைகளில் இன்னும் அது இருக்கிறது, நம்பாதே. இப்போது இரண்டு முறை எழுதியதும் கணக்கில் வரும், அதாவது உன் சியும் ஏவும் சேர்ந்து பி மாதிரி.

காகிதத்தில் போட்டுப் பார். 120 கிரெடிட்டில் 3.1 இருக்கிறது என்று வைத்துக்கொள். இன்னும் 30 கிரெடிட் 3.9 வாங்கினாலும் மொத்தம் 3.26தான் ஆகும். ஒரு வருட உழைப்புக்கு இவ்வளவுதானா என்று மனசு விட்டுவிடாதே, ஏனென்றால் குழுவில் நாங்கள் மொத்த எண்ணை மட்டும் பார்த்ததில்லை, செமஸ்டர் வாரியாகத்தான் விரல் வைத்து வாசிப்போம். 2.6, 2.7, 3.3, 3.8, 3.8 என்று ஏறிய பிள்ளைக்காக வாதாடியவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். அந்த ஏற்றத்தோடு 508ஐயும் வைத்தால், இப்போது இந்தப் பிள்ளையால் படிக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. வீட்டில் நடந்ததை இரண்டு மூன்று வரியில் நேராக எழுது, அதற்குப் பிறகு நீ என்ன மாற்றினாய் என்பதை அதிகம் எழுது.

ஃபோர்ட் வொர்த்தில் உள்ள டிகாம் என்ற டி.ஓ. கல்லூரியை விட்டுவிடாதே. அதற்கு டெக்சஸின் தனி விண்ணப்பமான டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். வழியாகப் போட வேண்டும், மற்ற டி.ஓ. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஏக்கோமாஸில் தேடினால் கிடைக்காது. டெக்சஸ் அரசு மருத்துவக் கல்லூரிகளில் வெளிமாநிலத்தவர் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அங்கேயே குடியிருக்கும் உனக்கு அது பெரிய பலம்.

கேள்வி (கலிஃபோர்னியா): ஜி.பி.ஏ. 3.7. எம்கேட் இரண்டு முறை எழுதினேன், 495, 496. இந்த வருடமே போட்டுவிடட்டுமா?

வேண்டாம். 3.7ஐ வைத்துக்கொண்டு 496ஓடு போவது கையில் இருக்கும் நல்ல சீட்டை வீணாக்குவது மாதிரி. 500க்குக் கீழே இருந்தால் பல கல்லூரிகள் விண்ணப்பத்தை மேற்கொண்டு பார்ப்பதே இல்லை, கலிஃபோர்னியாவில் போட்டியும் கூடுதல். வாழ்நாளில் ஏழு முறைதான் எழுத முடியும், ஒவ்வொன்றும் கல்லூரிக்குத் தெரியும், அதனால் அவசரத்தில் மூன்றாவது முறை எழுதி 497 வாங்கினால் இன்னும் சிக்கல். உங்கள் ஜி.பி.ஏ.வைப் பார்த்தால் பாடம் தெரியாததால் மதிப்பெண் குறைந்த மாதிரித் தெரியவில்லை. ஏழரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து நீளப் பத்திகளை வாசிக்கும் பழக்கம் இல்லாததாக இருக்கலாம். எம்கேட்டை நடத்தும் ஏ.ஏ.எம்.சி. அமைப்பு வெளியிடும் முழு மாதிரித் தேர்வுகளைத் தேர்வு நாள் மாதிரியே காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து எழுதுங்கள், தப்பான ஒவ்வொரு விடைக்கும் ஏன் தப்பு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். தொடர்ந்து மூன்று மாதிரித் தேர்வில் 504 வந்த பிறகு தேதி போடுங்கள்.

கேள்வி (பலர் கேட்டது): எச்4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கானது) வளர்ந்த பிள்ளை, கிரீன் கார்டு வரவில்லை. வாய்ப்பு உண்டா?

இதை எழுதும்போதே கஷ்டமாக இருக்கிறது. நான்கு வயதில் இங்கே வந்து, இங்கேயே பள்ளி முடித்த பிள்ளைகள் 21 வயது ஆனதும் எச்4இல் இருந்து வெளியேறி எஃப்1 மாணவராக மாற வேண்டியிருக்கிறது, கல்லூரிக் கணக்கில் அவர்கள் வெளிநாட்டு மாணவர்கள். டி.ஓ. கல்லூரிகளில் சில அவர்களைச் சேர்க்கின்றன, பல சேர்ப்பதில்லை. அதனால் பட்டியல் போடுவதற்கு முன்பே ஒவ்வொரு கல்லூரிக்கும் மின்னஞ்சல் அனுப்பி, இந்த விசாவில் எடுப்பீர்களா, முன்பணம் எவ்வளவு காட்ட வேண்டும் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். அரசுக் கடன் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். மதிப்பெண் போதுமா என்ற கேள்விக்கு முன்னால் பணக் கேள்வி வந்துவிடுகிறது, அதைப் பிள்ளையோடு உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

இந்தியாவில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் இருவர் இதையே கேட்டிருந்தார்கள். உங்களுக்கு டி.ஓ. தேவையே இல்லை, வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கான இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழும், யு.எஸ்.எம்.எல்.இ. என்ற மருத்துவ உரிமத் தேர்வும்தான் உங்கள் வழி.

கேள்வி: டி.ஓ. மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் கட்டாயமா?

சில கல்லூரிகளில் கட்டாயம், பலவற்றில் இருந்தால் நல்லது. கட்டாயம் இல்லாத இடத்திலும் வாங்குங்கள். ஒரே நாள் மருத்துவரின் அறையில் ஓரமாக நின்றுவிட்டு வாங்கும் கடிதம் வாசிக்கும்போதே தெரிந்துவிடும். நான்கைந்து வாரம், வாரம் ஒரு நாள் போங்கள்.

கேள்வி: செமஸ்டர் முடித்து நிதானமாக அக்டோபரில் போட்டால் போதாதா? கடைசித் தேதி அதற்கும் பிறகுதானே?

கடைசித் தேதியை மறந்துவிடுங்கள். வரவர எடுத்துப் பார்த்து, வரவர இடத்தை நிரப்புகிறார்கள். நான் முதல் தடவை நவம்பரில் போட்டேன். ஒரு நேர்காணல்கூட வரவில்லை. அடுத்த வருடம் கிட்டத்தட்ட அதே மதிப்பெண்களோடு ஜூனில் போட்டேன், நான்கு அழைப்பு வந்தது. அந்த ஒரு வருடம் என் அப்பா வீட்டில் யாரோடும் பேசாமல் இருந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, அதனால்தான் இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். ஏக்கோமாஸ் மே ஆரம்பத்தில் திறக்கும். மதிப்பெண் பட்டியல்கள் போய்ச் சேர்ந்து சரிபார்க்கவே சில வாரம் ஆகும், அப்புறம் ஒவ்வொரு கல்லூரியும் தனியாகக் கட்டுரை கேட்கும். அது வந்த இரண்டு வாரத்துக்குள் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: டி.ஓ. படித்தால் கார்டியாலஜி, சர்ஜரி எல்லாம் கிடைக்காது என்கிறார்களே?

கார்டியாலஜி கிடைக்கும், இன்டர்னல் மெடிசின் வழியாக நிறையப் பேர் போகிறார்கள். 2020இல் எம்.டி., டி.ஓ. இரண்டுக்கும் ரெசிடென்சி அங்கீகாரம் ஒன்றாகிவிட்டது. 2025இல் இறுதியாண்டு டி.ஓ. மாணவர்களில் 92.6 சதவீதம் பேருக்கு முதலாண்டு ரெசிடென்சி இடம் கிடைத்தது, எம்.டி.க்கு 93.5. ஆனால் நியூரோ சர்ஜரி, பிளாஸ்டிக் சர்ஜரி, டெர்மட்டாலஜி போன்றவற்றில் டி.ஓ.வுக்கு இன்னும் கதவு இறுக்கமாகத்தான் திறக்கிறது. அவற்றில் ஒன்றுதான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள் எம்.டி.க்கும் முயற்சி செய்யுங்கள். போட்டி அதிகமுள்ள துறைக்குப் போகிற டி.ஓ. மாணவர்கள் எங்கள் உரிமத் தேர்வான காம்லெக்ஸோடு யு.எஸ்.எம்.எல்.இ.யையும் சேர்த்து எழுதுகிறார்கள், அந்த இரட்டைச் சுமைக்கும் தயாராக இருக்க வேண்டும்.

கேள்வி: செலவு?

தனியார் கல்லூரிகள் பலவற்றில் கல்விக் கட்டணமே ஆண்டுக்கு 60,000 டாலரைத் தொடுகிறது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற கூடுதல் அரசுக் கடன் கிடையாது. அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர் வரைதான். மிச்சத்துக்கு என்ன வழி என்று பார்த்துவிட்டுக் கல்லூரிப் பட்டியல் போடுங்கள்.

கேள்வி (மிச்சிகன்): டாக்டர், முதல் நேர்காணல் அடுத்த வாரம். ஏன் டி.ஓ. என்று கேட்டால் என்ன சொல்வது?

"முழு மனிதரையும் பார்க்கும் மருத்துவம்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், அன்று வரும் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். எனக்கு மறக்காத ஒரு பெண் முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேலை பார்த்தவர். சாப்பிட மறுக்கும் ஒரு தாத்தாவுக்குப் பசி இல்லை என்று எல்லோரும் எழுதிவைத்திருந்தார்களாம், இவர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தபோது தோள் வலியால் கரண்டியை வாய்வரை தூக்க முடியவில்லை என்று தெரிந்ததாம். இதைச் சொல்லிவிட்டு, தான் கூடவே போய்ப் பார்த்த டி.ஓ. மருத்துவர் தோளை எப்படிக் கையால் தொட்டுப் பரிசோதிப்பார் என்று தன் கையாலேயே காட்டினார். அவருடைய எம்கேட் 500தான், அறையில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நீங்கள் பார்த்த நோயாளிகளில் இப்படி மனதில் நிற்கும் ஒருவரை இன்றிரவே யோசித்து, அவர் என்ன சொன்னார், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அதை மனப்பாடம் செய்யாமல் வீட்டில் யாரிடமாவது இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நேர்காணல் முடிந்ததும் எப்படிப் போனது என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.