நண்பன் கைவிட்ட விரதமும் நான் காக்கும் விரதமும்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு, வணக்கம்.

எனக்கு வயது 46. சிறுவயதில் பெற்றோருடன் அமெரிக்காவின் சிரக்கியூஸ் நகருக்கு வந்தவன். அம்மா விடாப்பிடியாகக் கற்றுக்கொடுத்த தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் சொன்னால் இங்குள்ள நண்பர்கள் யாராவது அடையாளம் கண்டுகொள்வார்களோ என்ற தயக்கமும் உண்டு.

பங்க் இசையின் வேகமும் முரட்டுத்தனமும் மிகுந்த கிளைக்கு ஹார்ட்கோர் என்று பெயர். அதன் ரசிகர்களில் குடி, புகை, போதைப்பொருள் எதையும் தொடுவதில்லை என்று உறுதி எடுத்தவர்களை ஸ்ட்ரெய்ட் எட்ஜ் என்பார்கள். வாஷிங்டனைச் சேர்ந்த மைனர் த்ரெட் குழு 1981இல் வெளியிட்ட, ஒரு நிமிடம்கூட ஓடாத பாட்டின் தலைப்பிலிருந்து வந்த பெயர் அது. நான் 17 வயதில் இந்த உறுதியை எடுத்தபோது எங்கள் ஊரே அதன் கோட்டையாக இருந்தது. எங்கள் ஊர்க் குழுவான எர்த் கிரைசிஸ் 1993இல் வெளியிட்ட ‘ஃபயர்ஸ்டார்ம்’ இசைத்தட்டு, போதை விற்பவர்கள்மீது போர் தொடுக்கும் ஆவேசத்தில் இருந்தது. இறைச்சியும் பாலும்கூட விலக்கானவை என்ற கொள்கையும் அதோடு சேர்ந்து வந்தது. யூத் ஆஃப் டுடே குழுவின் பாடகர் ரே காப்போ கிருஷ்ண பக்தராகி ஷெல்ட்டர் என்ற குழுவைத் தொடங்கியதைச் சொன்னபோது அம்மா சிரித்துவிட்டார். “நான் எத்தனை தடவை சொல்லியும் கறியை விடாத பிள்ளை, வெள்ளைக்காரன் பாடினதும் விட்டுட்டானே” என்றார்.

என்னோடு அதே ஆண்டு உறுதி எடுத்தவன் என் உயிர் நண்பன். கச்சேரிக்குப் போகும் முன் கறுப்பு மார்க்கர் பேனாவால் ஒருவர் புறங்கையில் மற்றவர் பெருக்கல் குறி போடுவோம். கூட்டத்தில் வியர்த்து, திரும்பும்போது அந்த மை மணிக்கட்டுவரை இழுபட்டிருக்கும். பின்னர் இருவரும் அதே குறியை முன்கையில் பச்சை குத்திக்கொண்டோம். என் அப்பா குடித்துவிட்டு வரும் இரவுகளில் நான் படுத்துறங்கியது அவன் வீட்டில்தான்.

சென்ற ஆண்டு அவனுக்கு விவாகரத்து ஆனது. சில மாதங்களுக்குப் பின் அவனே தொலைபேசியில் அழைத்து, தங்கை வீட்டு விருந்தில் பியர் குடித்ததாகவும், இனி எப்போதாவது குடிக்கப்போவதாகவும் சொன்னான். எங்கள் பழைய நண்பர் வட்டம் அன்றோடு இரண்டாகப் பிளந்துவிட்டது. “அது அவன் சொந்த விஷயம்” என்கிறார்கள் சிலர். மற்றவர்கள், எங்களிடையே நெடுநாளாகப் புழங்கும் ஒரு வாசகத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள்: “இப்போது இல்லையென்றால், என்றுமே இருந்ததில்லை.” வரும் கோடையில் ஒரு பழைய குழு மீண்டும் மேடையேறும் நிகழ்ச்சிக்கு நாங்கள் எல்லோரும் போவதாக இருந்தோம். அவன் வந்தால் தாங்கள் வரமாட்டோம் என்றும், அதை அவனிடம் நான்தான் சொல்ல வேண்டும் என்றும் அவர்கள் கேட்கிறார்கள்.

ஒரு கோப்பை பியருக்காக ஒருவனை ஒதுக்குவது எனக்கும் சிறுபிள்ளைத்தனமாகத்தான் படுகிறது. ஆனால் அவன்மீது எனக்கு வரும் கோபம் அவர்களுடையதைவிடப் பெரிது. இரவில் தூக்கம் கெடுகிறது. அவன் அழைத்தால் எடுக்க மனம் வரவில்லை. இந்த வயதில் ஓர் இசை ரசனைக்காக இப்படி உடைந்துபோவது இயல்பானதா? நான் யார் பக்கம் நிற்க வேண்டும்?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

—

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்திற்குப் பின் நீங்கள் குறிப்பிட்ட பாடல்களைத் தேடிக் கேட்டேன். காதுக்கு இதமாக இருந்தன என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் குடிப்பதும் போதையில் சாய்வதும்தான் இளமையின் அடையாளம் என்று நம்பப்பட்ட ஓர் உலகத்தில், அதே மேடையில் நின்று அதே உரத்த குரலில் “எனக்கு வேண்டாம்” என்று சொல்ல ஒரு பையனுக்கு அந்த இசை என்ன துணையாக இருந்திருக்கும் என்பது புரிந்தது. ஆகவே “ஓர் இசை ரசனைக்காக” என்று நீங்களே அதைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். நீங்கள் துக்கப்படுகிறீர்கள். உயிரோடு இருப்பவரை நினைத்துப் படும் துக்கம் பெரும்பாலும் கோபமாகத்தான் வெளிப்படும். அதில் அசாதாரணம் ஏதுமில்லை.

உங்களை அதிகம் வதைப்பது அந்தப் பியர் அல்ல, உங்கள் நண்பர்கள் சொல்லும் அந்த வாசகம் என்று நினைக்கிறேன். “என்றுமே இருந்ததில்லை” என்பது உங்கள் நண்பர் இன்று செய்ததைக் கண்டிப்பதோடு நிற்கவில்லை. அவர் உண்மையாக வாழ்ந்த அத்தனை ஆண்டுகளையும் பொய் என்று எழுதித்தரச் சொல்கிறது. அதில் கையெழுத்திட்டால், உங்கள் கையில் குறி போட்டவரும், அப்பாவுக்குப் பயந்து ஓடிவந்த உங்களுக்குப் படுக்க இடம் கொடுத்தவரும் ஒரு போலி என்றாகிவிடும். உங்கள் இளமையின் பாதியை நீங்களே அழித்தால்தான் அந்தத் தீர்ப்பில் சேர முடியும். தூக்கம் கெடாமல் என்ன செய்யும்? நடந்தது நடந்ததுதான். இன்று ஒருவர் விரதத்தை முடித்துக்கொள்வதால் நேற்றுவரை அவர் இருந்த விரதம் இல்லாமல் போவதில்லை.

உங்கள் வட்டத்தில் இப்போது நடக்கும் பிளவு அந்த இயக்கத்தின் பிறப்பிலேயே இருந்திருக்கிறது. குடி, புகை, கண்மூடித்தனமான உடலுறவு ஆகியவற்றைத் தவிர்ப்பது பற்றிய இன்னொரு பாட்டைப் பதிவு செய்தபோதே, கேட்பவர்கள் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்வார்கள் என்று மைனர் த்ரெட்டின் டிரம்மர் ஜெஃப் நெல்சன் பாடகர் இயன் மக்கையுடன் வாதிட்டிருக்கிறார். 1983இல் அதே பாட்டை மறுபதிவு செய்தபோது, இவை விதிகள் அல்ல, யாரையும் எதையும் செய்யச் சொல்லவில்லை என்ற பொருளில் மக்கை நடுவே பேசியே சேர்த்தார். ஆனால் பாஸ்டனிலும், பிற்பாடு உங்கள் ஊரிலும், அந்த விளக்கத்தைவிடப் பாட்டின் வேகம்தான் எடுபட்டது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சால்ட் லேக் சிட்டியில் சில இளைஞர்கள் அடிதடியில் இறங்கி, காவல்துறை ஸ்ட்ரெய்ட் எட்ஜ் என்ற பெயரையே ரவுடிக் கும்பல்களின் பட்டியலில் சேர்க்கும் அளவுக்குப் போனது. மக்கையோ இன்றுவரை மதுவைத் தொடாதவராகவே இருந்துகொண்டு, தான் ஓர் இயக்கத்தைத் தொடங்க நினைத்ததே இல்லை என்று சொல்லிவருகிறார். விரதத்தை விடாமலேயே காவல்காரர் வேலையை மறுக்க முடியும் என்பதற்கு உங்களுக்கு வேறு சாட்சி தேவையில்லை.

கையில் போடும் அந்தக் குறியின் கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1980இல் மக்கையின் முந்தைய குழுவான டீன் ஐடில்ஸ் சான் ஃபிரான்சிஸ்கோவில் வாசிக்கப் போனபோது, மதுக்கூடத்துக்குள் வரும் வயதுக்குறைந்தவர்களின் கையில் பெருக்கல் குறி இட்டு, அவர்களுக்கு மது கொடுக்காமல் உள்ளே விட்டிருக்கிறார்கள். அதே ஏற்பாட்டை ஊர் திரும்பியதும் அவர்கள் வாஷிங்டனிலும் கேட்டார்கள். அதாவது, வாசலில் நிறுத்தப்பட்டிருக்க வேண்டிய பிள்ளைகளை உள்ளே சேர்த்துக்கொள்வதற்காக வந்த குறி அது. உங்கள் நண்பர்கள் அதை வைத்துத்தான் ஒருவரை வாசலிலேயே நிறுத்தப் பார்க்கிறார்கள்.

இனி உங்கள் அப்பா. இவ்வளவு நீண்ட கடிதத்தில் அவரைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் அதில்தான் வெகுநேரம் நின்றேன். குடிகாரத் தந்தையின் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சாராய வாடை வெறும் வாடை அல்ல. இன்று இரவு என்ன நடக்கும் என்ற முன்னறிவிப்பு. உங்களுக்கு அந்த வாடை வராத ஒரே இடமாக நண்பர் வீடு இருந்தது. இப்போது அவரே குடிக்கிறார் என்றதும், புகலிடம் பறிபோன பதினேழு வயதுப் பையனின் பதற்றம் உங்களுக்குள் எழுகிறது என்பது என் ஊகம். உங்கள் கோபம் மற்ற நண்பர்களுடையதைவிடப் பெரிதாக இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அவர்கள் கொள்கைக்காகக் கோபப்படுகிறார்கள், நீங்கள் பயப்படுகிறீர்கள்.

அந்தப் பயத்தில் ஒரு பங்கு நியாயமானதும்கூட. மணமுறிவுக்குப் பின் தொடங்கும் குடி, எப்போதாவது என்ற அளவிலேயே நிற்கும் என்று எனக்கோ உங்களுக்கோ உத்தரவாதம் கிடையாது. ஆனால் அதை அறிந்துகொள்ள ஒரே வழி அவரோடு பேசுவதுதான். அவர் அழைக்கும்போது எடுங்கள். “நீ குடித்தது எனக்கு வலிக்கிறது, என் அப்பா நினைவுக்கு வருகிறார், உன்னை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது” என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். அதன்பின், தனியாக இருக்கும்போது குடிக்கிறாரா, தூங்குவதற்காகக் குடிக்கிறாரா என்று கேளுங்கள். விசாரணைத் தொனி வேண்டாம். உங்கள் வீட்டுக்குள் மது வரக்கூடாது என்று நீங்கள் நிபந்தனை வைக்கலாம். அது உங்கள் எல்லை, அவருக்கான தண்டனை அல்ல. அவர்மீது பரிவு காட்டுவதற்காக உங்கள் விரதத்தைத் தளர்த்திக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

கோடை நிகழ்ச்சியைப் பொறுத்தவரை, தூது போக மறுத்துவிடுங்கள். அவரிடம் சொல்ல வேண்டியது இருந்தால் அவர்களே நேரில் சொல்லட்டும். பழைய நண்பரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. நீங்கள் அவரோடு போவதென்று முடிவு செய்தால், அதை மற்றவர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்; வருவதும் வராததும் அவர்கள் பாடு.

அப்பாவைப் பற்றி மட்டும் தனியாக ஒருவரிடம் பேசுங்கள். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற அமைப்பு 1951 முதல் அமெரிக்காவில் கூட்டங்கள் நடத்திவருகிறது. கட்டணம் இல்லை, பெயரைச் சொல்ல வேண்டியதும் இல்லை. இணையவழியிலும் கலந்துகொள்ளலாம். நாலைந்து கூட்டங்களுக்காவது போன பிறகு அது உங்களுக்குப் பொருந்துகிறதா என்று முடிவு செய்யுங்கள். அதற்குப் பின்னும் தூக்கம் சரியாகவில்லை என்றால் உங்கள் குடும்ப மருத்துவரைப் பாருங்கள். அவர் மருந்து எழுதிக்கொடுத்தால் அதை மறுக்க வேண்டாம். மருத்துவர் தரும் மாத்திரையும் விரதபங்கமா என்று உங்கள் வட்டத்தில் யாரேனும் விவாதம் தொடங்கினால், அந்த விவாதத்தில் நீங்கள் கலந்துகொள்ள வேண்டியதில்லை.