மதியம் அணைந்துபோகும் சோலார் இன்வெர்ட்டர்

நல்ல வெயிலில், 11 மணிக்கும் 2 மணிக்கும் நடுவே, உங்கள் 3 கிலோவாட் அமைப்பு 'கிரிட் ஓவர் வோல்டேஜ்' (மின்வாரிய லைனில் மின்னழுத்தம் அதிகம்) என்று காட்டி நான்கைந்து முறை அணைகிறது, பேனலை மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பேனலுக்குச் செலவழிக்காதீர்கள். இது ஏசி பக்கக் கோளாறு, அதாவது இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர், தெரு லைன் வரையிலான பக்கம்.

மின்சாரத்தை வெளியே தள்ள, இன்வெர்ட்டர் தன் முனையில் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் உயர்த்தியாக வேண்டும். 3 கிலோவாட் என்றால் சுமார் 13 ஆம்பியர். மாடியிலிருந்து மீட்டர் வரை 30 மீட்டருக்கு 2.5 சதுர மி.மீ. செப்புக் கம்பி போட்டிருந்தால், போக வர 60 மீட்டரில் கிட்டத்தட்ட 6 வோல்ட் ஏறும். 6 சதுர மி.மீ. போட்டால் இரண்டரை வோல்ட்டுக்குள் அடங்கும். தெருவிலேயே 248 வோல்ட் இருக்கும்போது இந்த ஏற்றம்தான் இன்வெர்ட்டரில் வைத்திருக்கும் வோல்டேஜ் வரம்பைத் தாண்டவைத்து அதை அணைக்கிறது.

உச்சி வெயிலில் எலக்ட்ரீஷியனை வைத்து இன்வெர்ட்டர் முனை, மீட்டர் முனை இரண்டையும் ஒரே நேரத்தில் அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 3 வோல்ட்டுக்கு மேல் போனால் கம்பி மெலிது, அல்லது இணைப்பு தளர்வு. நியூட்ரல் முனையை முதலில் இறுக்கச் சொல்லுங்கள். மூன்று பேஸ் இணைப்பில் அது கழன்றால் வீட்டுச் சாமான்களே கருகலாம்.

சோலாரை அணைத்த பிறகும் மீட்டரில் 250 காட்டினால் தெரு டிரான்ஸ்ஃபார்மரின் 'டேப்'பை, அதாவது அது வெளியிடும் மின்னழுத்தத்தை மாற்றும் அமைப்பை, மின்வாரியம் குறைத்து வைக்க வேண்டும். மூன்று நாள் அளவுகளை நேரத்தோடு குறித்து, தெருவில் சோலார் வைத்த எல்லாரும் கையெழுத்திட்டு, பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அசையவில்லையென்றால் மின்நுகர்வோர் குறைதீர் மன்றம். 2003 மின்சாரச் சட்டம் 42(5) தந்த உரிமை அது.

இன்வெர்ட்டரின் வோல்டேஜ் வரம்பை மட்டும் யாரையும் ஏற்றிவைக்க விடாதீர்கள்.