கணக்குப் போடும் மனைவி, கையெழுத்துப் போடும் கணவர்

கேள்வி: நான் எதையும் கணக்குப் போட்டுப் பார்த்தே முடிவெடுப்பவள். என் கணவருக்கு ‘மனத்துக்குச் சரியாகப் படுகிறது’ என்பதே போதும். அவருடைய தம்பிக்காக எடுத்த மூன்றாவது கடன் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. 12 சதவீத ஃபிளாட் வட்டி, 3 ஆண்டுத் தவணை. பங்குச்சந்தை ஃபண்டில் மாதாமாதம் பணம் போட்டால் 12 சதவீதம் கிடைக்கும், கடன் வட்டிக்கு ஈடாகிவிடும் என்று கணக்கிட்டிருக்கிறேன். சரிதானா? அவரை என்னைப்போல் யோசிக்க வைப்பது எப்படி?

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கடன் பிறப்பது அங்கேதான்.

அவர் இயல்பை மாற்ற முயலாதீர்கள். உள்ளுணர்வும் ஆராய்ந்து பார்க்கும் குணமும் ஒரே தராசின் இரு தட்டுகள் அல்ல. உளவியலாளர் சீமோர் எப்ஸ்டீன் இரண்டையும் தனித்தனியாகவே அளந்தார். ஒருவரிடமே இரண்டும் ஓங்கியிருக்கலாம். உள்ளுணர்வை எப்போது நம்பலாம் என்பதைப் பற்றி உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி க்ளைனும் 2009-இல் சேர்ந்து எழுதினார்கள். அதற்குச் சூழலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். செய்தது சரியா தவறா என்பது சீக்கிரம் தெரிய வேண்டும். அனுபவமுள்ள தீயணைப்பு அதிகாரிக்கு இவை வாய்க்கின்றன. கடன் வாங்குபவருக்கு நேர்மாறாக நடக்கிறது. தம்பியின் நன்றி அந்த நிமிடமே கிடைத்துவிடுகிறது, வலியோ 36 தவணைகளாகப் பிரிந்து வருகிறது. உங்கள் கணவரின் மனம் மூன்று முறையும் நன்றியிலிருந்துதான் பாடம் கற்றிருக்கிறது.

இனி உங்கள் கணக்கு. ஃபிளாட் வட்டி என்றால், அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி போடுவது. கடனை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 12 வீதம் 3 ஆண்டு வட்டி 36. ஆனால் அசலை மாதாமாதம் திருப்பிக் கட்டுவதால், உங்கள் வசம் சராசரியாக இருக்கும் கடன் தொகை சுமார் 57 மட்டுமே. 57-க்கு ஆண்டு வட்டி 12 என்றால் ஏறத்தாழ 21 சதவீதம். கடன் கொடுத்தவர் சொன்ன 12-ஐ நீங்கள் உரசிப் பார்க்கவே இல்லை. ஃபண்டின் 12-ஐயோ யாரும் உறுதி செய்ய முடியாது. சில ஆண்டுகளில் போட்ட முதலே குறைவதும் உண்டு. இன்று எல்லோரும் அதில் போடுகிறார்கள் என்பதற்காக, 21 கட்டிக்கொண்டே உறுதியில்லாத 12-ஐ எதிர்பார்க்காதீர்கள். அந்தப் பணத்தைக் கடனிலேயே கட்டுங்கள். முன்கூட்டி அடைக்கக் கட்டணம் உண்டா, எவ்வளவு வட்டி மிச்சமாகும் என்று எழுத்தில் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

உங்கள் வீட்டைக் கெடுப்பது ஒரே பழக்கம்: தம்பி போனில் கேட்கிறார், அண்ணன் போனிலேயே ‘சரி’ என்கிறார். நீங்கள் அட்டவணையோடு வரும்போது கையெழுத்து முடிந்திருக்கிறது. அடுத்த முறை ‘இரண்டு நாளில் சொல்கிறேன்’ என்று மட்டும் அவர் பதில் சொல்லட்டும். அந்த இரண்டு நாளில் வட்டியைப் பற்றிப் பேசாதீர்கள். ‘தம்பி இதைத் திருப்பித் தருவார் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா?’ என்று கேளுங்கள். தம்பியைச் சிறுவயது முதல் பார்த்தவர் அவர். இந்தக் கேள்விக்கு அவர் உள்ளுணர்வு உங்கள் அட்டவணையை விடத் தெளிவாகப் பதில் சொல்லும். ‘தரமாட்டான்’ என்று அவரே சொன்னால், கையில் இருப்பதில் முடிந்ததை அன்பளிப்பாகக் கொடுங்கள். அதற்காகக் கடன் மட்டும் வேண்டாம்.