ரிவர்ட் பண்ணுகிறேன்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். நூல் விலை ஏறியதால் இங்கிலாந்து பையர் ஒருவருக்குப் புது விலை அனுப்பியிருந்தோம். பழைய விலைக்கே வேண்டும் என்றார். நான், ‘வீ வில் ரிவர்ட் டு யூ ஆன் த ஓல்ட் பிரைஸ் பை ஃப்ரைடே’ என்று எழுதினேன். பழைய விலை பற்றி வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறோம் என்றுதான் நினைத்து எழுதினேன். அவரோ நாங்கள் பழைய விலைக்கே இறங்கி வந்துவிட்டோம் என்று எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லி ஆர்டரையும் உறுதி செய்துவிட்டார். முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். எல்லாரும் எழுதுகிற சொல்தானே ஐயா? ரிவர்ட்டுக்குப் ‘பதில் எழுது’ என்ற பொருளே கிடையாதா? ஆன்ஸர், ரிப்ளை, ரெஸ்பாண்ட் எல்லாம் ஒன்றுதானா?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

அந்த மெயில் சென்னைக்குப் போயிருந்தால் ஒரு சிக்கலும் வந்திருக்காது. மும்பை, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று எங்கே போயிருந்தாலும் அப்படித்தான். இந்த ஊர் அலுவலகங்களில் ரிவர்ட் என்றால் பதில். ஆக்ஸ்போர்டு அகராதியிலும் அந்தப் பொருள் ஏறிவிட்டது, ‘இந்திய ஆங்கிலம்’ என்ற குறிப்போடு. ஆகவே அப்படி ஒரு பொருள் உண்டு.

ஆனால் உங்கள் பையரின் காதில் அந்தச் சொல் வேறு மாதிரி விழுகிறது. முன்பு இருந்த நிலைக்கே திரும்புவதுதான் அவருக்கு ரிவர்ட். களை எடுக்காமல் விட்ட தோட்டம் காடாகிப் போகிறதே, அது. குத்தகைக் காலம் முடிந்ததும் நிலம் உடையவருக்கே போய்ச் சேருகிறதே, அது. நம் ஊர் நீதிமன்றங்களுக்கும் இது பழகிய பொருள்தான். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் வருவதற்கு முன்பு, கணவன் சொத்தை விதவை தன் ஆயுள் வரைக்கும்தான் அனுபவிக்கலாம். அவள் காலத்துக்குப் பின் அது கணவனின் வாரிசுகளிடம் திரும்பும். அப்படிக் காத்திருந்தவர்களை வக்கீல்கள் ‘ரிவர்ஷனர்’ என்றார்கள். அந்த அம்மாள் எப்போது போவாள் என்று பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள் என்றும் சொல்லலாம்.

உங்கள் வாக்கியத்தில் ரிவர்ட்டுக்குப் பக்கத்திலேயே ‘பழைய விலை’யும் உட்கார்ந்திருக்கிறது. பையர் வேறு எப்படிப் படிப்பார்? ‘டு யூ’, ‘ஆன்’ இரண்டையும் நம் ஊர்க் கொச்சை என்று தள்ளிவிட்டு, தனக்கு வேண்டியதைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

ஐ.டி. கம்பெனிகளில் இரண்டு பொருளும் ஒரே மேஜையில் புழங்குகின்றன. ‘நேத்து போட்ட சேஞ்சை ரிவர்ட் பண்ணிட்டு எனக்கு ரிவர்ட் பண்ணு’ என்று டீம் லீட் சொன்னால் பையனுக்குக் குழப்பமே வருவதில்லை.

இந்தச் சொல்லின் அடியில் இருப்பது லத்தீன் மொழியின் ‘திரும்பு’. சாலையில் ‘டைவர்ஷன்’ பலகை, வீட்டில் ‘இன்வெர்ட்டர்’, மதம் மாறினால் ‘கன்வெர்ட்’, எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. ‘பேசிய விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன்’ என்பது தேய்ந்து ‘உங்களிடம் திரும்ப வருகிறேன்’ ஆகி, அங்கிருந்து ‘பதில் எழுதுகிறேன்’ ஆகியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். இதைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை. பழைய இலக்கியத்தில் ‘மாற்றம்’ என்றால் சொல், மறுமொழி. மாறுவதிலிருந்து மறுமொழிக்கு நாமும் நடந்துதான் வந்திருக்கிறோம். ‘பதில்’ என்பதே அரபியில் மாற்றிக்கொள்வதைக் குறித்த சொல்லின் வழி வந்தது. ‘அவருக்குப் பதிலாக நான் வந்தேன்’ என்னும்போது அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது.

மற்ற மூன்றும் ஒன்றல்ல. ஆன்ஸரின் பின்பாதியில் ஒளிந்திருப்பது சத்தியம். குற்றம் சாட்டியவன் எதிரே நின்று சத்தியம் செய்து மறுப்பது, அதுதான் பழைய ஆங்கிலத்தில் ஆன்ஸர். அதனால்தானோ என்னவோ, ஆன்ஸர் என்றால் கேட்டதற்கு நேராகச் சொல்லியாக வேண்டும். பத்து வரி ரிப்ளை எழுதிவிட்டு ஆன்ஸர் செய்யாமல் நழுவ முடியும். அரசு அலுவலகத்துக்கு மனுப் போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இலக்கணத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘ஆன்ஸர் மீ’ சரி, ‘ரிப்ளை மீ’ தப்பு. நடுவில் ‘டு’ வேண்டும். நம்மில் பாதிப் பேர் அதில்தான் விழுகிறோம்.

ரெஸ்பாண்டுக்கு வாய்ச்சொல்லே தேவையில்லை. ஐ.சி.யூ. வாசலில் டாக்டர் வந்து ‘பேஷன்ட் ரெஸ்பாண்ட் பண்றார்’ என்கிறார். உள்ளே இருப்பவர் வாயைத் திறந்திருக்க மாட்டார். மருந்துக்கு உடம்பு இசைந்து கொடுக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு ரிவர்ட் பிடிக்காததற்குக் காரணம் வேறு. நன்னூல் விடைகளை எட்டாகப் பிரிக்கிறது. ‘இது செய்வாயா?’ என்றால் ‘நீயே செய்’ என்பது ஏவல் விடை. ‘செய்யாமல் இருப்பேனா?’ என்று திருப்பிக் கேட்பதும் விடை. ‘கை வலிக்கும்’ என்பதுகூட விடைதான். செய்ய மாட்டேன் என்று புரிந்துவிடுகிறது. ‘வில் ரிவர்ட்’ இந்த எட்டில் எதிலும் அடங்காது. முடியுமா, முடியாதா, யார் முடிவு செய்வார் என எதுவும் அதில் இல்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு ‘ஊருக்குப் போய்த் தகவல் சொல்றோம்’ என்பார்களே, அந்த ஜாதி.

‘கைண்ட்லி ரிவர்ட் பேக்’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். திரும்புவது ரிவர்ட்டுக்குள்ளேயே இருக்கும்போது பின்னால் ஒரு ‘பேக்’ எதற்கு? ஞாண் என்றாலே கயிறுதான் என்பதை மறந்து ‘அரைஞாண் கயிறு’ என்கிறோமே, அதுபோலத்தான். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, பழகிவிட்டது.

வெளிநாட்டுக்கு எழுதும்போது ‘வெள்ளிக்கிழமைக்குள் எங்கள் முடிவைத் தெரிவிக்கிறோம்’ என்பதை நேராக ஆங்கிலத்தில் போடுங்கள். ‘லெட் யூ நோ’ போதும். உள்ளூர் மெயிலில் ரிவர்ட்டை வைத்துக்கொள்ளுங்கள், யாரும் ஆர்டர் எடுத்துக்கொண்டு ஓடிவிட மாட்டார்கள்.

அந்தச் சரக்கு கடைசியில் எந்த விலைக்குப் போனது என்று எழுதுங்கள். ரிவர்ட் செய்தாலும் சரி.